படுக்கையருகே ஒரு நாற்காலி

நடுவர் அவர்களே, கடும் நோயில் கிடப்பவருக்கு ஆலோசனை சொல்லும் வேலையைச் சாட்பாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணிச் சகோதரி 2023-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வைச் சொன்னார். 195 கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதிலைவிடச் சாட்ஜிபிடியின் பதிலே கனிவாக இருந்ததாம். மறுக்கவில்லை. ஆனால் அவை இணையத்தில் முகம் தெரியாதவர்கள் கேட்ட கேள்விகள். மதிப்பெண் போட்டவர்கள் மருத்துவத் துறையினர். பதிலைப் படித்த நோயாளி அழுதாரா, தூங்கினாரா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லையே!

நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுக்கு வாருங்கள். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், வெறும் கட்டின்னு சொல்லுங்க" என்று வராந்தாவில் மகன் கையைப் பிடித்துக்கொள்கிறான். உள்ளே அப்பாவுக்கோ எல்லாம் தெரியும். பிள்ளை உடைந்துபோவானே என்று தெரியாதவர்போல் படுத்திருக்கிறார். நல்ல ஆலோசகர் முதலில் மகனை உட்காரவைத்துப் பேசுவார். பிறகு அப்பாவிடம் போய், "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். "நான் பொழைப்பேனா?" என்பார் பெரியவர். அதற்கும் ஆலோசகர் உடனே பதில் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும், "சின்னவ கல்யாணத்தைப் பார்த்துடுவேனா?" என்ற உண்மையான கேள்வி. சாட்பாட் முதல் கேள்விக்கே பத்தி பத்தியாக எழுதிவிடும். பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினால், வீடே பொத்திவைத்ததை நொடியில் போட்டு உடைத்துவிடும். அதைப் படித்துக் கைநடுங்கும் மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

அதே 2023-ல், அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் 'டெஸ்ஸா' என்ற சாட்பாட்டை நிறுத்தவேண்டி வந்தது. சாப்பிட அஞ்சி நலிந்தவர்களுக்காக வைத்த சாட்பாட், எடை குறைக்க யோசனை சொல்லிவிட்டது!

"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஆலோசகர் வருவார்?" என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, வலியறிந்தவர் கேட்கும் கேள்வி. கோழிக்கோட்டைப் பாருங்கள். 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சேர்ந்து அங்கே வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த இயக்கத்தில் அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் நோயாளியின் அருகே உட்கார்ந்தார்கள். 2008-ல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. ஆள் இல்லை என்றால் ஆளைத் தயார் செய்ய முடியும் என்று பக்கத்து மாநிலம் காட்டியிருக்கிறது.

மாத்திரை நேரத்தை, அடுத்த பரிசோதனைத் தேதியை நினைவூட்டச் சாட்பாட் இருக்கட்டும். படுக்கையருகே இருக்கும் நாற்காலி மனிதருக்கே என்று தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே.