வீடு திரும்பிய வீரர்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டது பழந்தமிழர் மரபு. வேறு பல நாடுகளிலும் இதனையொத்த வழக்கம் உண்டு. மாண்டவனுக்குக் கல் உண்டு, மாலை உண்டு, ஆண்டுக்கொரு முறை மௌன அஞ்சலியும் உண்டு. ஆனால், மாளாது மீண்டு வந்தவனுக்கு என்ன உண்டு? கையிழந்தவன், கண்ணிழந்தவன், உடலில் ஊறின்றி உள்ளத்தில் அமைதி இழந்தவன், துப்பாக்கி ஏந்திய ஆண்டுகளிலே தான் கற்ற தொழிலை மறந்தவன் ஆகிய இவர்களுக்கு நாடு செய்யவேண்டிய கடமை யாது? இக்கேள்விக்கு ஒரே நாடு பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இருவேறு விடைகளை அளித்தது. அந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அவ்வாண்டுகள் 1932உம் 1944உம் ஆகும்.

முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள், தாம் சொற்பச் சம்பளத்துக்கு உயிரைப் பணயம் வைத்திருந்த காலத்தில் தொழிற்சாலைகளில் இருந்தோர் நல்ல ஊதியம் பெற்றிருந்ததைக் கண்டனர். இக்குறையைத் தீர்க்க 1924ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டில் சேவை செய்த நாளொன்றுக்கு ஒரு டொலர், கடல் கடந்து சேவை செய்த நாளொன்றுக்கு ஒன்றேகால் டொலர் எனக் கணக்கிடப்பட்டது. ஆயினும், பெரும்பாலோர் கைக்குப் பணம் வரவில்லை, பத்திரமே வந்தது. அப்பத்திரத்தை முழுப் பெறுமதிக்கு மாற்றுவதற்கு 1945ஆம் ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டும்.

1929இல் பொருளாதார மந்தம் வந்தது. வேலையும் போயிற்று, பலருக்கு வீடும் போயிற்று. 1932 மே மாதத்தில் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலிருந்து, முன்னாள் சார்ஜன்ட் உவால்ற்றர் உவாற்றர்ஸ் என்பவரின் தலைமையில் சில நூறு வீரர்கள், சரக்கு இரயில்களில் ஏறித் தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் புறப்பட்டனர். வழி நெடுகிலும் பலர் சேர்ந்தனர். மனைவி மக்களோடும் சிலர் வந்தனர். அனக்கோஸ்தியா ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில், பழைய பலகையும் தகரமும் கொண்டு குடில்கள் எழுந்தன. பத்திரத்தின் பணத்தை அப்பொழுதே தருதல் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பிரதிநிதிகள் சபை ஜூன் 15ஆந் திகதி இசைந்தது. இரண்டு நாட்களின் பின்னர் செனற் சபை 18க்கு எதிராக 62 வாக்குகளால் மறுத்தது.

ஜூலை 28ஆந் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் முன்னாள் வீரர் இருவர் உயிர்நீத்தனர். அன்று மாலையே தளபதி டக்ளஸ் மக்ஆதரின் தலைமையில் குதிரைப் படையும் காலாட் படையும் தாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. அன்றிரவு ஆற்றங்கரைக் குடில்கள் எரிந்தன. ஒரு காலத்தில் ஒரே கொடியின் கீழ் நின்ற இரு தலைமுறை வீரர்கள் அன்று எதிரெதிரே நின்றனர்.

இதன் பின்னர் வீரர்களுட் பலருக்கு அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளிலே பாதை அமைக்கும் பணிக்குச் சென்றோர் தாழ்ந்த கரையோர முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். 1935 செப்டெம்பர் 2ஆந் திகதி பெரும் சூறாவளி வீசியது. அவர்களை மீட்க அனுப்பப்பட்ட இரயில் காலந் தாழ்த்தே வந்தது. முன்னாள் வீரர் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்ணுக்கு மறைவான ஓரிடத்தில் ஏதோவொரு வேலையைக் கொடுத்துவிட்டாற் கடமை முடிந்தது என எண்ணியதன் விளைவு அது. பத்திரப் பணத்துக்கான சட்டம் 1936ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்பொழுதே, இவ்வவலம் மீண்டும் நிகழலாகாது என்று முன்னாள் வீரர் சங்கமாகிய அமெரிக்கன் லீஜன் முனைந்தது. அதன் முன்னாள் தலைவரும் வழக்கறிஞருமாகிய ஹரி கோல்மெரி, வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றிலிருந்து, அந்த ஹோட்டலின் கடிதத் தாள்களிலேயே புதிய சட்டத்தின் முதல் வரைவை எழுதினார். எதிர்ப்பு எழாமல் இல்லை. வேலையற்ற வீரனுக்கு வாரம் 20 டொலர் வீதம் 52 வாரங்கள் கொடுத்தால் அவன் சோம்பேறியாகிவிடுவான் என்றனர் சிலர். இரு சபைகளின் கூட்டுக் குழுவில் இழுபறி ஏற்பட்டது. ஜோர்ஜியா மாநிலத்தில் இருந்த ஜோன் கிப்சன் என்னும் உறுப்பினரின் வாக்குத் தேவைப்பட்டது. வானொலி வாயிலாகவும் அவர் தேடப்பட்டார். இரவோடிரவாக விமானத்தில் அழைத்துவரப்பட்டார். மசோதா பிழைத்தது. 1944 ஜூன் 22ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அதிற் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் கொடுத்தவை எவை? கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டொலர் வரை. கற்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 50 டொலர், குடும்பத்தைத் தாங்குவோருக்கு 75 டொலர். வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் கடனுக்கு அரசாங்கப் பிணை. புதிய வைத்தியசாலைகளுக்கு 50 கோடி டொலர். தகுதியற்றோர் பல்கலைக்கழகங்களுட் புகுவர் என்று கல்விமான்கள் சிலர் அஞ்சினர். நடந்ததோ வேறு. 1947ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரரே. வயதிலும் அநுபவத்திலும் முதிர்ந்த அம்மாணவர்கள் ஊக்கத்தோடு கற்றனர். 1956இல் அத்திட்டம் முடிவுற்றபொழுது 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தனர். சோம்பலை வளர்க்கும் என்று அஞ்சப்பட்ட வேலையின்மைப் பணத்திலோ, ஒதுக்கப்பட்டதில் ஐந்திலொரு பங்குகூடச் செலவாகவில்லை.

வைத்தியத் துறையிலும் மாற்றம் வந்தது. 1945இல் தளபதி ஓமர் பிராட்லி முன்னாள் வீரர் நிருவாகத்தின் பொறுப்பை ஏற்றார். 1946 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டத்தினால் அந்நிருவாகத்துக்குத் தனி மருத்துவப் பகுதி அமைந்தது. வைத்தியசாலைகள் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கப்பட்டன. தேர்ந்த பேராசிரியரின் கவனிப்பு வீரனுக்குக் கிடைத்தது. இளம் மருத்துவருக்குப் பயிற்சியும் கிடைத்தது. எனினும், உள்ளத்துப் புண்ணுக்கு உரிய மதிப்புக் கிடைக்க நெடுங்காலம் சென்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்டோர் பல ஆண்டுகள் வாதாடினர். அதன் பின்னரே, 1980ஆம் ஆண்டில், அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. அதுவரை அது கோழைத்தனம் என்றும் குணக்கேடு என்றும் இகழப்பட்டதுண்டு.

இச்சட்டத்தின் குறையையும் சொல்லாது விடலாகாது. நடைமுறை உள்ளூர் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் விடப்பட்டமையால், கறுப்பின வீரர் பலருக்குக் கடனும் கல்லூரி இடமும் மறுக்கப்பட்டன. அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பைன் வீரருட் பெரும்பாலோரின் உரிமைகளை 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று பறித்தது. 2009ஆம் ஆண்டிலேதான், எஞ்சியிருந்தோருள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றோருக்கு 15,000 டொலரும் ஏனையோருக்கு 9,000 டொலரும் வழங்க முடிவாயிற்று. அதற்குள் அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தப் பணத்தைக் காண முன்னரே கண்மூடியவர் பலர்.

போரைக் கண்ட எந்த நாட்டுக்கும் இவ்வரலாறு பாடமாகும். முன்னாள் வீரனுக்கு வைத்தியமும் தொழிலும் இரண்டு தனித்தனி உதவிகள் அல்ல. நோய் தீராதவன் தொழிலில் நிலைக்கமாட்டான். தொழில் இல்லாதவனின் நோயும் எளிதில் தீராது. ஆகவே, இரண்டும் ஒருங்கே கிடைத்தல் வேண்டும். அவை இரந்து பெறும் பிச்சையாக அன்றி, சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையாக இருத்தல் வேண்டும். இனமும் நிறமும் பாராது கிடைத்தல் வேண்டும். போர் முடியுமுன்னரே அதற்கான ஏற்பாடு தொடங்குதல் வேண்டும்.

ஒரு நாட்டினர் தம் வீரரை எவ்வளவு மதிக்கின்றனர் என்பதை அவர்கள் எழுப்பும் நினைவுத் தூணின் உயரத்தைக்கொண்டு அளத்தல் ஆகாது. வைத்தியசாலை வாயிலில் ஊன்றுகோலுடன் நிற்பவன் எத்தனை நாழிகை காத்திருக்கிறான், படிக்க விரும்பி வந்தவனுக்கு வகுப்பறையில் ஓர் இடம் இருக்கிறதா என்பவற்றைக்கொண்டே அதனை அளத்தல் வேண்டும்.