எண்ணோடு அலகையும் எழுதுவோம்



'விநாடி' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். கடிகாரம் பார்ப்போருக்கு அது நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கம் பார்ப்போருக்கோ நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. நாழிகை என்பது 24 நிமிடம். ஆகவே ஒரு பஞ்சாங்க விநாடி, 24 கடிகார விநாடிகளுக்குச் சமம். சொல் ஒன்று, அளவு இரண்டு. மனிதர் இடமறிந்து பொருள் கொள்வர். கணினிக்கு அது இயலாது. இனி இவ்வுரையில் விநாடி என்பது கடிகார விநாடியே.

செயலி ஒன்று தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைவுக் கோப்பில் பல கால அளவுகள் இடம்பெறுகின்றன. மறுமொழிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, பயனர் வாளாவிருந்தால் எப்போது வெளியேற்றுவது என்பன போன்றவை அவை. அங்கே நாம் '30' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம். எந்த முப்பது?

ஜாவா சர்வ்லெட் அமைப்பின் அமைவுக் கோப்பில் அமர்வுக் காலம் 30 என்றால் 30 நிமிடம். அதே காலத்தை நிரலுக்குள் 30 என்று எழுதினால் 30 விநாடி. பிழைச்செய்தி எதுவும் வாராது. இணையப் படிவம் நிரப்பும் முதியவர் ஒருவர், அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்து நிமிர்வதற்குள் வெளியேற்றப்படுவார். பிழை தம்முடையதே என்று எண்ணி வருந்துவார்.

அலகைச் சேர்த்தெழுதப் பல மென்பொருள்கள் இடமளிக்கின்றன. ஆயினும் விழிப்பு வேண்டும். என்ஜின்எக்ஸ் வழங்கியில் ஆங்கிலச் சிறிய 'எம்' நிமிடத்தையும், பெரிய 'எம்' மாதத்தையும் குறிக்கும். ஐஎஸ்ஓ 8601 தரநிலையில் 'பிடி1எம்' என்பது ஒரு நிமிடம். இடையிலுள்ள 'டி' விடுபட்டால் அதுவே ஒரு மாதம்.

'ஒரு நாள்' என்பதும் எப்போதும் 24 மணி நேரமன்று. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டதை நம்மில் மூத்தோர் அறிவர். அரை மணி நேரம் நாள்கணக்கிலிருந்து மறைந்தது. நாளின் நீளம் இவ்வாறு மாறக்கூடும் என்பதால்தான், கோ நிரல்மொழியின் கால அளவு வடிவம் மணிக்கு மேற்பட்ட அலகை ஏற்பதில்லை.

எனவே மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வோம். எண்ணோடு அலகையும் எழுதுவோம். எண்ணை மட்டுமே ஏற்கும் கோப்பாயின், 'காத்திருப்பு_விநாடி' என்று பெயரிலேயே அலகைச் சேர்ப்போம். சுழியம் என்றால் 'உடனே' என்பதா, 'எல்லையில்லை' என்பதா என்று அருகிலேயே குறித்து வைப்போம். ஜாவா இணைப்புகளில் வாசிப்புக்கான காத்திருப்பைச் சுழியம் என்று அமைத்தால், முடிவின்றிக் காத்திருக்க நேரும்.

கோப்பை எழுதியவர் பணி மாறிச் சென்றுவிடலாம். அவர் மனத்திலிருந்த அலகும் அவரோடே சென்றுவிடும். எழுத்தில் இருப்பது மட்டுமே அடுத்து வருபவருக்குத் துணை. ஐயத்திற்கு இடமின்றி எழுதுதல் மொழிப்பணிதான். அதை நிரலெழுதும் மேசையிலும் செய்வோம்.