ரிசாலின் கடைசிக் கையொப்பம்



வரலாற்றில் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது சில வரிகளே கொண்ட ஒரு தாள். 1935 மே 18 அன்று, மணிலா பேராயத்தின் ஆவணக் காப்பகத்தில் மனுவேல் கிராசியா என்ற குருவின் கைக்கு அது அகப்பட்டது. அதில் இட்டிருந்த நாள் 1896 டிசம்பர் 29. கையொப்பம் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலுடையது. தாம் கத்தோலிக்கர், பிறந்து வளர்ந்த அந்தச் சமயத்திலேயே வாழ்ந்து சாக விரும்புகிறார், திருச்சபையின் மகனுக்கு ஒவ்வாத வகையில் பேசியது, எழுதியது, அச்சிட்டது, நடந்துகொண்டது அனைத்தையும் மனமாரத் திரும்பப் பெறுகிறார், ஃப்ரீமேசன் சங்கத்தை வெறுத்து ஒதுக்குகிறார், இதைப் பேராயர் வெளியிடலாம். இவ்வளவுதான் அதிலுள்ள செய்தி.

கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் நாளுக்கு மறுநாள் காலை ஏழு மணியளவில், மணிலாவின் பகும்பாயன் திடலில், இன்று லுனேட்டா என்று அழைக்கப்படும் இடத்தில், ஸ்பானிய ஆட்சியினர் ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

கண் மருத்துவர் ஒருவரின் மனமாற்றத்துக்கு இத்தனை வழக்கு எதற்கு என்று கேட்கலாம். 1887இல் பெர்லினில் அச்சான ‘நோலி மே தாங்கெரே’, 1891இல் கெண்ட் நகரில் அச்சான ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ என்ற இரண்டு நாவல்களை எழுதியவர் அவர். ஸ்பானிய ஆட்சியில் ஊர்தோறும் உண்மையான அதிகாரம் துறவற சபைக் குருக்களிடம் இருந்தது என்பதை அந்த நாவல்கள் பெயர் சூட்டி, முகம் காட்டிச் சொன்னவை. ‘நோலி’யில் வரும் பாதிரி தாமாசோவை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார். அதை எழுதிய கையே கடைசி நாளில் திருச்சபையிடம் மன்னிப்புக் கேட்டது என்றால், நாவல்கள் என்ன ஆவது?

இயேசு சபைக் குரு விசென்தே பலாகேர் சொன்ன கதை ஒன்று உண்டு; நெடுங்காலம் கோலோச்சியது அதுதான். பேராயர் நொசலேதா அனுப்பிய நீண்ட வாசகத்தை ரிசால் ஏற்கவில்லையாம். சபைத் தலைவர் பியோ பீ எழுதிய சுருக்கமான வாசகத்தைச் சில திருத்தங்களோடு ஏற்று, நள்ளிரவு நெருங்கும் வேளையில் கையொப்பமிட்டாராம். விடியற்காலையில் ரிசாலுக்கும் அவரோடு வாழ்ந்துவந்த ஜோசஃபின் பிராக்கனுக்கும் பலாகேரே திருமணம் செய்துவைத்தாராம். இதற்கு 1917இல் சத்தியப் பிரமாணமே செய்து கொடுத்தார்.

நம்ப மறுத்தவர்களிடம் வலுவான காரணங்கள் இருந்தன. மூலத்தைக் காட்டும்படி குடும்பத்தார் கேட்டும் காட்டவில்லை. திருமணப் பதிவு கிடைக்கவில்லை. திருச்சபையோடு ஒப்புரவானவர் என்று சொல்லப்பட்டவரின் உடல், பெயர் பொறிக்காமல் பாக்கோ கல்லறையில் புதைக்கப்பட்டது. அக்கா நார்சிசா தேடிக் கண்டுபிடித்து, தம்பியின் பெயரெழுத்துகளைத் தலைகீழாக்கி ஆர்.பி.ஜே. என்று அடையாளம் வைத்தார். 1896இல் பத்திரிகைகள் வெளியிட்ட வாசகமும் 1935இல் கிடைத்த தாளின் வாசகமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகவில்லை. ரிக்கார்தோ பாஸ்குவால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் போலி என்றார். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஓட்லி பேயர், ரிசால் கையெழுத்துதான் என்றார். அதன்பின் மேசன்கள் ஒரு பக்கம், குருக்கள் ஒரு பக்கம். எந்த அணி என்று தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு ஆனது.

1990களில் பிலிப்பைன்ஸ் அரசின் கைக்கு ஒரு ஆவணத் தொகுதி வந்து சேர்ந்தது. ஸ்பானிய ஆட்சியின் உளவுப் பிரிவான ‘குவெர்போ தெ விஹிலான்சியா’வின் பழைய கோப்புகள் அவை. அதில் ஃபெதெரிக்கோ மொரேனோ என்பவர் 1896 டிசம்பர் 30 அன்று மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது. ரிசால் அடைபட்டிருந்த சாந்தியாகோ கோட்டையில் நிறுத்தப்பட்ட ஓர் ஒற்றர் பார்த்ததை அப்படியே தெரிவிக்கிறது.

இந்த ஒற்றரை எனக்குப் பிடித்திருக்கிறது. ரிசால் புனிதராக வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இல்லை, தியாகியாக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. கைதி என்ன சாப்பிட்டார் என்று எழுதுகிறார்: மதியம் வேகவைத்த முட்டை, கொஞ்சம் கோழிக்கறி. காலையில் மார்ச், விலாக்லாரா என்ற இரண்டு இயேசு சபைக் குருக்கள் ஆயத்தமான ஒரு வாசகத்தை நீட்ட, ரிசால் மறுக்கிறார்; பன்னிரண்டரை வரை வாக்குவாதம். பிறகு தனியாக உட்கார்ந்து நெடுநேரம் எழுதுகிறார். மூன்று மணிக்கு மார்ச் உள்ளே வர, எழுதியதைக் கொடுக்கிறார். தெல் ஃபிரெஸ்னோ, மவுரே என்ற இரண்டு அதிகாரிகள் அழைக்கப்பட்டுச் சேர்ந்து கையொப்பமிடுகிறார்கள். அது பின்வாங்கல் அறிக்கையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது என்கிறார் ஒற்றர், உறுதியாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஜோசஃபின் வருகிறார். ராணுவக் குரு ஒருவர் திருமணத்தை நடத்துகிறார். அவர் பெயர் தெரியவில்லை.

அறிக்கை முழுவதிலும் பலாகேர் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நேரமும் ஒத்துவரவில்லை, ஒருவர் நள்ளிரவு என்கிறார், மற்றவர் பிற்பகல் மூன்று மணி என்கிறார். வரலாற்றாசிரியர் ரெனே எஸ்கலாந்தே இந்தக் கோப்புகளைக் கொண்டு அந்தக் கடைசி நாளை மறுபடி ஆராய்ந்தார். அதற்குப் பிறகு பலாகேரின் சாட்சியத்தை முன்போல் எடுத்து வைக்க முடியாது.

இங்கேதான் இரு கட்சியும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் கருத்து. தாளையும் சாட்சியையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒரு கட்சி, தாள் உண்மை, ஆகவே பலாகேர் சொன்னதெல்லாம் உண்மை என்கிறது. மறு கட்சி, பலாகேர் பொய்யர், ஆகவே தாள் போலி என்கிறது. கிரயப் பத்திரத்துக்குச் சாட்சி போட்டதாகச் சொல்லிக்கொள்பவர் அன்று ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால், அவர் சாட்சியம் போகும்; வீடு கைமாறவில்லை என்று ஆகிவிடாது.

ரிசால் கையொப்பமிட்டிருக்கக்கூடும் என்று நான் நினைப்பதற்கு ஜோசஃபின் ஒரு காரணம். 1892 முதல் 1896 வரை தபித்தானில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். முதலில் பின்வாங்கல் அறிக்கை கொடு, பிறகு திருமணம் என்றார் அங்கிருந்த குரு. ரிசால் கொடுக்கவில்லை, மணச்சடங்கு இல்லாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். அதே காலத்தில் பாஸ்தெல்ஸ் என்ற இயேசு சபைக் குருவோடு சமயம் பற்றிக் கடிதங்களில் வாதிட்டு, கடைசிவரை பிடிகொடுக்காதவர் அவர். அப்படிப்பட்டவரை ஒரே பகலில் வாதத்தால் வென்றார்கள் என்பதை நம்புவது கடினம். சாகும் முன் அந்தப் பெண்ணை மனைவியாக விட்டுச்செல்ல விரும்பினார் என்பதை நம்புவது எளிது. இது ஊகம்தான், ஆனால் இரு கட்சியின் ஊகங்களைவிட ஆவணங்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

மூலத்தை 38 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தவர்கள், பிறகு ஐயப்படுகிறவர்களைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. இந்த வழக்கு இன்னும் ஓயாததற்கு முதல் பொறுப்பு அவர்களுடையது.

1956இல் செனட்டர் கிளாரோ ரெக்தோ, இந்த இரண்டு நாவல்களையும் கல்லூரி மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆசிரியரே திரும்பப் பெற்றுவிட்டார் என்று அறுபது ஆண்டுகள் சொல்லிவந்தவர்களுக்கு அந்தப் புத்தகங்களிடம் அப்போதும் அச்சம் தீரவில்லை. சமயக் காரணம் காட்டிச் சத்தியப் பத்திரம் கொடுக்கும் மாணவருக்கு விலக்கு என்ற சமரசத்தோடு அது குடியரசுச் சட்டம் 1425 ஆயிற்று. அந்தத் தாளை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதில் ‘நோலி’யின் பெயர் இல்லை, ‘ஃபிலி’யின் பெயரும் இல்லை. ஸ்பானிய ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய எதையும் அது தொடவில்லை. ரிசால் திரும்பப் பெற்றது திருச்சபைக்கும் தமக்கும் இடையில் இருந்ததை மட்டுமே. நாவல்கள் அப்போதே அவர் கையை விட்டுப் போய்விட்டன.