பூட்டும் வேண்டும்! திறவுகோலும் வேண்டும்!

(சேக்காட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

உங்களில் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லாதவர் யாராவது உண்டா? ஜமாஅத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, கடைக்காரர்களுக்கு ஒன்று, கூடப் படித்தவர்களுக்கு ஒன்று. குழு தொடங்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதில் யார் எழுதலாம், யார் பதில் சொல்லலாம், யாருடைய எண் யாருக்குத் தெரியலாம் என்று உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் எத்தனை பேர்? கடை திறந்தால் ஷட்டருக்குப் பூட்டு வாங்குகிறோம். கல்லாவுக்குத் தனிச் சாவி வைக்கிறோம். 1024 பேர் வரை நுழையக்கூடிய குழுவை மட்டும் கதவில்லாமல் விட்டுவிடுகிறோமே, இது சரியா?

கதவில்லாத வீட்டில் நடந்தது

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதற்காகத் தாக்கப்பட்டு, சென்னையிலிருந்து போன ஒரு மூதாட்டி உயிரிழந்தார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்த நாட்களில் சுற்றிய காணொளிகளில் ஒன்று எது தெரியுமா? கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டு எச்சரிக்கைப் பலகை காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, கடத்தும் பகுதியை மட்டும் பரப்பினார்கள். வெட்டியவன் ஒருவன். அனுப்பிய கைகள் எத்தனை?

2023 மார்ச்சில் வேறொரு பொய் கிளம்பியது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்கும் நமக்கு அதன் பொருளைச் சொல்லத் தேவையில்லை.

2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. அட்மின்கள் மட்டும் எழுதும் வசதியும் 2018-இல் வந்ததுதான். ஆக, பூட்டு செய்து கொடுத்துவிட்டார்கள். பூட்ட வேண்டியவர்கள் நாம்.

எதைப் பூட்டுவது? எதைத் திறப்பது?

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குழு எதற்கு? அறிவிப்பதற்கா, கலந்து பேசுவதற்கா? இரண்டுக்கும் ஒரே பூட்டு ஆகாது.

அறிவிப்புக் குழு என்றால், எழுதும் உரிமையை 'அட்மின்கள் மட்டும்' என்று வையுங்கள். ஜனாஸா அறிவிப்பு வருகிறது. அடுத்த நிமிடத்திலிருந்து நூறு பேர் இன்னா லில்லாஹி எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அடக்கம் எத்தனை மணிக்கு என்ற வரி மேலே போய் மறைந்துவிடுகிறது. தாமதமாகப் பார்ப்பவர் தொழுகையைத் தவறவிடுகிறார். அவசரத்துக்கு ரத்தம் கேட்கும் செய்திக்கும் இதே கதிதான். அறிவிப்பிலேயே தொடர்பு எண்ணைப் போட்டுவிட்டால் கேட்க வேண்டியவர் நேராகக் கேட்டுக்கொள்வார்.

மஷ்வரா குழு என்றால் எல்லோரும் எழுதட்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓர் இளைஞன் கணக்குக் கேட்டான் என்பதற்காக இரவோடு இரவாக 'அட்மின்கள் மட்டும்' என்று மாற்றினால், அதற்குப் பெயர் ஒழுங்கு அல்ல, வாயடைப்பு! சச்சரவு முற்றினால் ஓர் இரவு மூடலாம். எப்போது திறப்போம் என்று சொல்லிவிட்டு மூடுங்கள். சொன்ன நேரத்தில் திறந்துவிடுங்கள். சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. வெவ்வேறு தெரு, வெவ்வேறு வயது என்று குறைந்தது மூன்று அட்மின்கள் வேண்டும். முடிவுகள் பதிவாக நிற்க வேண்டிய குழுவில், 24 மணி நேரத்தில் மறையும் செய்தி அமைப்பு ஆகவே ஆகாது.

பதில் சொல்வதிலும் முறை உண்டு. பத்துப் பேர் பேசும் இடத்தில் ஒருவர் 'கூடாது' என்று மொட்டையாக எழுதுகிறார். எது கூடாது? எந்தச் செய்திக்குப் பதிலோ, அதையே இழுத்துப் பிடித்து அதன் கீழே எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஒருவருடைய கடன், குடும்பம், குறை பற்றியது என்றால் 'தனியாகப் பதில்' என்ற வசதி இருக்கிறது. நூறு பேர் முன்னால் கடன்காரனின் மானத்தை வாங்கி என்ன சாதிக்கப் போகிறோம்?

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

புதுச் சரக்கு வந்ததைச் சொல்ல வாடிக்கையாளர்களையெல்லாம் ஒரே குழுவில் சேர்க்கிறீர்கள். அதில் இருக்கும் பெண்களின் எண்கள் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் போய்விடுகிறது. அந்த எண் உங்களிடம் இருக்கும் அமானத் அல்லவா? அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பதில் உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதனால் விரும்பாதவருக்குத் தொல்லையும் இல்லை.

இளைஞர்களே! உங்களை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. 'எனது தொடர்புகள்' என்று மாற்றுங்கள். முன்பின் தெரியாத குழுவில் பெயர் கிடந்து, பிறகு விளக்கம் சொல்லி அலையும் நிலை எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

வேறொருவர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர்நீதிமன்றம் 2022-லும் கூறியிருக்கின்றன. இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கூட்டுச் சேர்ந்து செய்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முகநூலில் வந்த ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில், பகிர்வதும் அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம் முன்ஜாமீனை மறுத்தது. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

எந்தப் பூட்டும் விரலைப் பூட்டாது, சகோதரர்களே. செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளையை ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். அந்த விசாரணை நடக்கும் வரை செய்தி உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும்.

வீட்டுக்குப் போனதும் நீங்கள் அட்மினாக இருக்கும் குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூட வேண்டியதை மூடுங்கள். அநியாயமாக மூடிக் கிடப்பது ஏதாவது இருந்தால், இன்று இரவே திறந்துவிடுங்கள்.