ஓசையும் குளிர்ச்சியும்



பனையோலை விசிறி யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. அகன்ற விசிறியை மெல்ல அசைத்தாலே அமைதியாகக் காற்று வரும். சிறியதாயின் விரைந்து வீச வேண்டும். கையும் நோகும், ஓசையும் எழும். கணினிப் பெட்டிக்குள் சுழலும் மின்விசிறிக்கும் இதுவே விதி.

கணினியின் மூளையாகிய செயலி, வேலை செய்யுந்தோறும் சூடேறுகின்றது. அச்சூட்டை அகற்றாவிடின், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே விசிறி இன்றியமையாதது. அதன் இரைச்சலோ, சிறிய அறையில் இரவு நெடுநேரம் படிக்கும் மாணவருக்குப் பெருந்தொல்லை. குளிர்ச்சியும் அமைதியும் ஒருங்கே பெறுவது எவ்வாறு?

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால், அது தள்ளுங் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே, ஓசை பாதியாகிவிட்டது போலச் செவிக்குத் தோன்றும். ஒரே வகை விசிறிகள் இரண்டை ஒருங்கே சுழலவிட்டாலும் கூடும் ஓசை 3 டெசிபெல் அளவே. ஆகவே, விரைந்து சுழலும் ஒன்றினும் மெல்லச் சுழலும் இரண்டு மேலானவை. அவ்வாறே 80 மில்லிமீற்றர் விசிறியினும் 120 மில்லிமீற்றர் விசிறி சிறந்தது. அதன் பரப்பு இரண்டேகால் மடங்காகும்.

ஆஸ்திரிய நாட்டு நொக்டுவா நிறுவனம் 2018 இல் வெளியிட்ட 120 மில்லிமீற்றர் விசிறியொன்று, நிமிடத்துக்கு 2000 தடவை சுழலும்போது மணிக்கு 102 கனமீற்றர் காற்றைத் தள்ளும், ஓசை 22.6 டெசிபெல். வேகத்தை 1700 ஆகக் குறைத்தால் காற்று 84.5 கனமீற்றர், ஓசை 18.8 டெசிபெல். இவை அந்நிறுவனமே தரும் அளவுகள்.

இனி, ஒப்பிடும் முறை. இரு விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டுக் குளிர்ச்சியை மட்டும் பார்ப்பது நேரிய சோதனையன்று. பெரும்பாலும் விரைந்து சுழல்வதே வெல்லும். இரண்டின் ஓசையையும் சமமாக்கிய பின்னரே வெப்பத்தை அளத்தல் வேண்டும். அறையின் வெப்பத்தையும் மறக்கலாகாது. அறைக்காற்றினும் குளிர்ச்சியாகச் செயலியை ஆக்க எவ்விசிறியாலும் இயலாது. 20 பாகை அறையில் 60 பாகை காட்டிய செயலி, 32 பாகையுள்ள நம் அறையில் ஏறத்தாழ 72 பாகை காட்டும். குளிர்நாட்டார் தரும் அளவுகளை அப்படியே கொள்வது தகாது.

மேலும், சோளகக் காற்று வீசுங் காலத்தில் வலிகாமத்துச் செம்மண் புழுதி எங்கும் படியும். கரையோர ஊர்களிலோ உப்புக் காற்றும் சேரும். புழுதி அடைத்தால் காற்றோட்டம் குறையும், அதனை ஈடுசெய்ய விசிறி தானே விரையும், இரைச்சல் பெருகும். புழுதி தடுக்கும் வலையிடுவோர், அழுத்தத்துடன் காற்றைத் தள்ளவல்ல விசிறியைத் தேர்தல் வேண்டும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் துடைத்தல் நன்று.

புதிய விசிறி வாங்குமுன் பழையதைத் துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அமைதி அங்கேயே கிடைத்துவிடும்.