கலத்தை அழைக்கும் விளக்கு



‘கலங்கரை விளக்கம்’ நாம் நன்கறிந்த சொல். கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். ஆகவே, அது கலத்தை அழைக்கின்ற விளக்கம். நீர்ப்பெயற்றுத் துறையில் நின்ற அத்தகைய விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கலத்தைக் காப்பதில் மீகாமனோடு கரைக்கும் பங்குண்டு என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. இதனை மனத்திற்கொண்டு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம்.

‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ 2021 பிப்ரவரியில் பணிக்கு வந்த புத்தம்புதிய சரக்குக் கப்பல். அதில் ஏற்றிய கொள்கலன் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசியத் தொடங்கிற்று. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதனை இறக்க முயன்றனர். கையாளும் வசதியோ வல்லுநரோ உடனடியாக இல்லை என்பதே கிடைத்த விடை. கசிவோடு கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20 அன்று தீப்பற்றியது. ஜூன் 2 அன்று அமிழ்ந்தது. கப்பலில் இருந்த 25 பேரும் உயிர் தப்பினர்.

கடல் தப்பவில்லை. கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் இருந்தன. எரிந்தும் எரியாமலும் அவை நீர்கொழும்பு முதலிய கரைகளில் குவிந்தன. மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டது. வலையை நம்பிய குடும்பங்கள் வருவாய் இழந்தன. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

சொல்லோடு பழகும் நமக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. அமிலம் சர்வதேச விதிகளின் ‘ஆபத்தான சரக்கு’ப் பட்டியலில் இருந்தது, குருணை அப்பட்டியலில் இல்லை. பெயரிடப்படாத ஆபத்துக்குக் காவலும் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் குருணைகளை ஏற்றிச் செல்வது பற்றிய பரிந்துரைகளை வெளியிட்டது. இடருற்ற கப்பலுக்கு அடைக்கலம் தரும் இடம் பற்றிய வழிகாட்டுதலை 2003ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது. இரண்டும் நெறிகளே, கட்டாயச் சட்டங்கள் அல்ல.

2025 மே 25 அன்று ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கேரளக் கடலில் மூழ்கியது. அதன் குருணைகள் நம் குமரி மாவட்டக் கரைக்கும் வந்தன.

கப்பல்கள் பெரிதாகின்றன, ராடாரும் செயற்கைக்கோளும் வழி காட்டுகின்றன. கசியும் கொள்கலனை இறக்கிவைக்க ஒரு துறையும், அதற்குப் பயின்ற ஆட்களும் இல்லாதபோது அக்கருவிகளால் என்ன பயன்? அந்த ஏற்பாட்டைச் சட்டமாக்கினால்தான் துறைமுகம் கலத்தை அழைக்கும்.

நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள். நம் கவிஞர்கள் இரங்குவதோடு அமையாமல், குருணையையும் அடைக்கலத் துறையையும் தம் பாடுபொருளாக்க வேண்டுகிறேன். மக்கள் நாவில் வழங்கும் சொல்லே நாளைய சட்டத்திலும் இடம்பெறும்.