ஒரு மரம், இரண்டு எண்ணெய்



இலவங்கப்பட்டை எண்ணெயைப் பற்றிப் பேசுமுன் அதன் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழாசிரியனை விட்டு அகலாத பழக்கம் அது. இலவங்கம் என்பது கிராம்பு. அதனோடு 'பட்டை' சேர்ந்தால் பொருள் வேறொரு மரத்துக்குப் போய்விடுகிறது. ஈழத்தமிழர் அம்மரத்தைக் கறுவா என்று தெளிவாக வழங்குகின்றனர். நம் கடைகளில் 'இலவங்கத் தைலம்' கேட்பவர்க்கு எது கிடைக்கும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது!

கறுவாவின் தாயகம் இலங்கை. பட்டை வரும் இடம் அறியாத கிரேக்கர்க்கு, பெரும்பறவைகள் அதைக் கொணர்ந்து கூடு கட்டுவதாக ஒரு கதை சொல்லப்பட்டது. எரோடோட்டசு அதை எழுதி வைத்தார். விலையை ஏற்ற வணிகர் கட்டிய கதை அது என்று பின்வந்த பிளினி எள்ளினார். அந்த விலைதான் 1505இல் போர்த்துகீசியரையும் அவருக்குப்பின் டச்சுக்காரரையும் அத்தீவில் காலூன்றச் செய்தது; 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். காட்டில் உரித்துவந்த பட்டையை டச்சுக்காரர் தோட்டப்பயிராக்கினர். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்னும் பகுதி இன்றும் உண்டு, மரங்கள்தாம் இல்லை.

எபிரேய மறைநூல் கூறும் திருப்பொழிவு எண்ணெயில் கறுவா சேர்ந்தது. ஆனால் அது ஒலிவ எண்ணெயில் ஊறிய மணம். நம் தைலங்களும் நல்லெண்ணெயில் சரக்குகளை இட்டுக் காய்ச்சியவையே. தலைவலிக்குப் பட்டையை நீர்விட்டு இழைத்து நெற்றியில் பற்றிட்டனர் நம் பாட்டிமார். இன்று சிறு புட்டியில் வருவதோ வாலையிலிட்டு நீராவியால் வடித்த சாரம். நூறு கிலோ பட்டைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெயே தேறும் என்றால் அதன் வீரியத்தை எண்ணிப் பாருங்கள். முன்னோர் பூசினர் என்று கூறி இதைப் பூசுவது பொருந்தாது.

அதிலும் இருவகை உண்டு. பட்டையில் வடித்த எண்ணெயில் பாதிக்குமேல் இருப்பது சின்னமால்டிகைடு; இனிய காரமணம், மிகுந்த விலை. இலையில் வடித்ததில் முக்கால் பங்களவு யூஜினால். கிராம்பெண்ணெயின் சத்தும் அதுவே. ஆகவே கறுவா இலையெண்ணெய் கிராம்பைப் போலவே மணக்கிறது. பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கும் வழக்கமும் அதனால் வந்ததே. பெயரில் நேர்ந்த மயக்கம் மணத்திலும் நேர்ந்திருப்பது எனக்கு வியப்பே! வேர்ப்பட்டையிலோ கர்ப்பூர வாசம்.

பட்டையெண்ணெய் கலப்பின்றித் தோலில் பட்டால் எரிச்சலூட்டும், கொப்புளமும் எழலாம். தாய்மார்களே, சளி என்று குழந்தையின் மார்பில் இதைத் தடவாதீர்கள். பல் ஈறிலும் வைக்காதீர்கள். புட்டியின்மேல் இலையா பட்டையா என்பது எழுதப்பட்டிராவிடில், விற்பவரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குங்கள்.